கரடியூரில் கரடி எங்கே?

உங்கள் வீட்டில் பத்து வயசுப் பிள்ளை ஒன்று இருந்து, அதன் கையில் ஒரு டேப்லெட்டும் இருந்தால், இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். மைன்கிராஃப்ட் விளையாட்டைத் திறந்து, சதுரம் சதுரமாக பிளாக்குகளை அடுக்கி, ஒரு மலை. மலைமேல் ஒரு ரோடு. ரோட்டோரம் வீடுகள். லீவுக்கு ஏற்காடு போய்விட்டு வந்த பிள்ளையாக இருந்தால் ஏரி, கொண்டை ஊசி வளைவு, வியூ பாயின்ட் எல்லாம் வரும். ஒரு மூலையில் கரடியூரும் வரும். எல்லாம் முடிந்ததும் பிள்ளை தலையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்கும்: 'சரி... இதுல கரடி எங்கே?'

நியாயமான கேள்விதான். பெயரிலேயே கரடியை வைத்திருக்கும் ஊரில் ஒரு கரடிகூட இல்லையென்றால் எப்படி? கரடி கிடக்கட்டும், மனுஷனாவது வேண்டாமா? ஆள் இல்லாத வீடு, மாடு இல்லாத தொழுவம்... கட்டி முடித்த பத்தாவது நிமிஷம் அந்த ஊர் அலுத்துப் போகும்.

நம் வீட்டு கொலுவை நினைத்துப் பாருங்கள். படிக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டி, கேழ்வரகு முளைக்கவைத்து, கண்ணாடியைப் பதித்துக் குளம் என்று சொல்லி, ஒரு பார்க் கட்டுவோம். கட்டி முடித்ததும் அடுத்த வேலை என்ன? அட்டைப் பெட்டியைக் குடைந்து பொம்மைகளைத் தேடுவதுதான். செட்டியார், செட்டியாரம்மா, போலீஸ்காரர், பிளாஸ்டிக் புலி. அவற்றை வைத்தபிறகுதான் அது பார்க். ஆனால் கொலு பொம்மை வைத்த இடத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் விளையாட்டில் வைக்கிற பொம்மை தானாக நடக்கவேண்டும், தானாக முடிவெடுக்க வேண்டும். இந்த 'தானாக' என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் அரை நூற்றாண்டு சரித்திரம் இருக்கிறது!

அந்தச் சரித்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு தீ விபத்திலிருந்து தொடங்குகிறது.

1991 அக்டோபர். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைச்சரிவில் பெரும் தீ. ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பல். அதில் ஒரு வீடு வில் ரைட்டுடையது. 'சிம் சிட்டி' என்று, நகரம் கட்டும் விளையாட்டை 1989-ல் கொடுத்துப் புகழ்பெற்றவர். உடுத்தின துணியோடு நின்ற குடும்பம், மறுபடி குடித்தனம் அமைக்க ஒவ்வொரு பொருளாக வாங்க ஆரம்பித்தது. முதலில் எது வேண்டும்? கட்டிலா, ஃப்ரிட்ஜா, நாற்காலியா? ஒரு வீட்டுக்கு உண்மையில் என்னதான் தேவை? இந்த யோசனை ரைட்டை விடவில்லை. வீடு கட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்யத் தொடங்கினார்.

கவனியுங்கள், அவர் செய்ய நினைத்தது கட்டட விளையாட்டு. ஆனால் கட்டின வீடு நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று யார் மார்க் போடுவது? அதற்காகத்தான் சின்னச் சின்ன மனிதர்களை உள்ளே விட்டார். அவர்களுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், பாத்ரூம் வரும். சமையலறையைத் தூரமாக வைத்தால் நடந்து நடந்து சலித்துக்கொள்வார்கள். அதாவது மனிதர்கள் அங்கே வெறும் இன்ஸ்பெக்டர்கள். விளையாடிப் பார்த்தால், வீட்டை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் அந்தக் குட்டி மனிதர்களையே வேடிக்கை பார்த்தார்கள்! விளையாட்டே தலைகீழானது. 2000 பிப்ரவரியில் 'தி சிம்ஸ்' என்ற பெயரில் வெளியாகி, விற்பனையில் பழைய சாதனைகளையெல்லாம் காலி செய்தது.

அதில் ரைட் செய்த ஒரு தந்திரம் இன்றுவரை பேசப்படுகிறது. அந்த மனிதர்களுக்குள் மூளை என்று பெரிதாக எதுவும் கிடையாது. மூளை இருப்பது ஃப்ரிட்ஜில்! 'என்னிடம் வந்தால் பசி தீரும்' என்று ஃப்ரிட்ஜ் சுற்றிலும் விளம்பரம் செய்துகொண்டே இருக்கும். 'என்மேல் விழுந்தால் களைப்புப் போகும்' என்று கட்டில் கூவும். யார் கூப்பாடு தன் அப்போதைய தேவைக்கு அதிகம் பொருந்துகிறதோ, அந்தப் பக்கம் மனிதர் நடப்பார். சந்தைக்கடையில் நாம் நடப்பது மாதிரிதான். புதிதாக ஒரு பியானோவைச் சேர்க்க வேண்டுமா? மனிதரைத் தொட வேண்டாம். பியானோவுக்கு ஒரு விளம்பரம் எழுதினால் போதும்.

இதற்கும் முன்னோடி உண்டு. 1985-ல் ஆக்டிவிஷன் கம்பெனி 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' என்று ஒன்று வெளியிட்டது. டேவிட் கிரேன் செய்தது. உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு வீடு, அதில் ஒரு ஆள், கூட ஒரு நாய். அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார், தூங்குவார், உங்களுக்குக் கடிதம் எழுதுவார். ஜெயிப்பது, தோற்பது எதுவும் கிடையாது. நம்மூரில் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் 1980. ஜப்பானில் டோரு இவாடானி செய்த 'பேக்-மேன்'. அதில் துரத்துகிற நாலு பிசாசுகளும் ஒரே மாதிரி துரத்தாது. ஒன்று நீங்கள் நிற்கும் இடத்துக்கே வரும். இன்னொன்று நீங்கள் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு நிறப் பிசாசு பாதி பயந்தாங்கொள்ளி. எட்டு கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் திரும்பித் தன் மூலைக்கு ஓடிவிடும். நாலைந்து வரி விதிதான். ஆனால் விளையாடுகிறவர்கள் 'இது கோபக்காரன், இது தந்திரக்காரன்' என்று குணம் கற்பித்தார்கள். ஆரஞ்சுக்கு வெட்கம் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். கல்லில் கண்ணைத் திறந்து வைத்தால் கும்பிடத் தோன்றுகிற மனசு நம்முடையது. இதற்கு எம்மாத்திரம்?

சரி, மைன்கிராஃப்டுக்கு வருவோம்.

2009 மே மாதம். ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன். பிளாக்குகளால் ஆன உலகத்தை அப்போதுதான் செய்ய ஆரம்பித்திருக்கிறார். செய்து சில நாள்கூட ஆகவில்லை, உள்ளே மனித உருவங்களை விட்டுவிட்டார். அவற்றுக்கு வேலை எதுவும் கிடையாது. கையை வீசிக்கொண்டு குறிக்கோள் இல்லாமல் ஓடும், குதிக்கும். அவ்வளவுதான். அதே வருஷம் பன்றி செய்யப்போய், நீளத்துக்கு உயரத்தையும் உயரத்துக்கு நீளத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். நாலு குட்டைக் காலில் நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு விகாரம் பிறந்தது. தூக்கிப் போடாமல் பச்சைப் பெயின்ட் அடித்து, ஆளை நெருங்கினால் வெடிக்கும்படி வைத்தார். அதுதான் 'க்ரீப்பர்'. இன்று டி-ஷர்ட்டிலும் ஸ்கூல் பையிலும் இருக்கிற அந்த அழுமூஞ்சி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கேஸ்தான்.

2011 செப்டம்பரில் அந்த உலகத்தில் கிராமங்கள் தோன்றின. வீடு, கிணறு, வயல், தெரு விளக்கு எல்லாம் உண்டு. ஆள் மட்டும் இல்லை! காலி செய்துவிட்டுப் போன ஊர் மாதிரி. அடுத்த மாதம் சோதனைப் பதிப்பில் ஜனங்கள் வந்தார்கள். பெரிய மூக்கு, நீள அங்கி, கட்டின கை. தலைக்குமேல் எல்லாருக்கும் ஒரே பெயர் மிதந்தது: 'டெஸ்டிஃபிகேட்'. சோதனைக்கு வைத்த பெயர்தான். ஊர் முழுக்க ஒரே பெயர்.

இனிதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஜனங்கள் வந்துவிட்டால் கணக்கு வேண்டும் இல்லையா? ஒரு ஊரில் எத்தனை பேர் இருக்கலாம்? அதற்கு எத்தனை வீடு? முதலில், வீடு என்றால் என்ன? சிரிக்காதீர்கள். தாசில்தார் ஆபீஸிலேயே இந்தக் கேள்விக்கு வழக்கு நடக்கிறது. மைன்கிராஃப்ட் 2012 மார்ச்சில் ஒரு பதில் சொன்னது: கதவுதான் வீடு. கதவுக்கு ஒரு பக்கம் கூரை, மறுபக்கம் வானம் என்று இருந்தால் போதும், அது வீடு. கதவுகளின் எண்ணிக்கையில் 35 சதவிகிதம் ஜனத்தொகை. அதாவது ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்று கதவு.

சட்டம் வந்தால் சந்து வரும். விளையாடுகிறவர்கள் வீடே கட்டாமல், வரிசையாகக் கதவுகளை நட்டு, மேலே ஒரு பலகையை வைத்தார்கள். 'ஆகா, நூறு வீடு!' என்று விளையாட்டு ஏமாந்தது. ஜனத்தொகை பெருகியது. ஊரைக் காக்க இரும்பு பூதங்கள் பிறந்தன. அந்தப் பூதங்களை உருக்கி இரும்பாக்கி... தொழிற்சாலையே நடத்தினார்கள். 2019 ஏப்ரல் வரை கிட்டத்தட்ட ஏழு வருஷம் இந்தக் கதவு ராஜ்ஜியம். அப்புறம்தான் விதியை மாற்றினார்கள். கதவு வேண்டாம், கட்டில் வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டில். தொழிலுக்கு ஒரு மேஜையோ, அடுப்போ. காலையில் வேலைக்குப் போவார்கள், பிறகு ஊர் மணியடியில் கூடிப் பேசுவார்கள், இருட்டினால் தூங்கப் போவார்கள். எந்த வேலையும் செய்யாத பச்சை அங்கிக்காரர்களும் உண்டு. ஆலமரத்தடி இல்லாத ஊர் ஏது?

இதெல்லாம் பெரிய கம்ப்யூட்டர் கதை. டேப்லெட்டில்?

2010-ல் வந்த முதல் ஐபேடில் இருந்த ரேம் 256 எம்பி. இன்றைக்கு ஒரு சாதாரண போனில் இதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. அந்த மாதிரிக் கருவிகளுக்காக 2011-ல் 'பாக்கெட் எடிஷன்' வந்தபோது உலகத்தையே சுருக்கிவிட்டார்கள். நீளம் 256 பிளாக், அகலம் 256, உயரம் 128. பெருக்கிப் பாருங்கள், சுமார் 84 லட்சம். கேட்கப் பெரிசாக இருக்கும். ஆனால் ஒரு பிளாக் ஒரு மீட்டர் கணக்கு. கால் கிலோமீட்டர் நடந்தால் உலகத்தின் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். ஏற்காடு ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள் உலகம் தீர்ந்துவிடும். அதில் ஒரு ஆடு, மாடு, ஈ, எறும்பு கிடையாது. கட்டலாம், இடிக்கலாம். அவ்வளவே.

ஏன் என்றால், பிளாக் சும்மா கிடக்கும். உயிர் சும்மா இருக்காது. மைன்கிராஃப்டின் கடிகாரம் விநாடிக்கு 20 தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு ஆடும் 'நான் இப்போ என்ன செய்யணும்?' என்று கேட்கும். நூறு ஆடு இருந்தால் விநாடிக்கு 2,000 கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல அந்தச் சின்னக் கருவியால் முடியவேண்டும், கை சுடாமல் வேறு இருக்கவேண்டும்.

அதனால் தவணை முறையில்தான் உயிர் வந்தது. 2012-ல் செம்மறி ஆடு மாதிரி சில பிராணிகளும் ராத்திரியில் துரத்தும் ஜாம்பியும் முதலில் வந்தன. 2014 ஜூலையில் சுவர்கள் உடைந்து உலகம் எல்லையற்றதானது. கூடவே ஊர்களும் ஜனங்களும். ஆனாலும் டேப்லெட் ஜனங்கள் பண்டம் மாற்றக் கற்றுக்கொண்டது 2017-ல்தான். அதுவரை மூன்று வருஷம் தெருவில் சும்மா நின்றார்கள்!

இந்த ஜனங்களோ, ஆடுகளோ ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழி கண்டுபிடிப்பது எப்படி என்று பார்த்தே ஆகவேண்டும். அது நம் மலைக்கு ரொம்பப் பொருந்துகிற விஷயம்.

1960-களின் பிற்பாதியில், கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் 'ஷேக்கி' என்று ஒரு ரோபோ இருந்தது. நடந்தால் நடுங்கும், அதனால் அந்தப் பெயர். அது அறையில் இருக்கும் பெட்டிகளில் முட்டாமல் போக வழி வேண்டுமே என்று பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ராஃபேல் என்ற மூன்று பேர் 1968-ல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். பெயர் 'ஏ ஸ்டார்'.

நீங்கள் சேலத்தில் நிற்கிறீர்கள். ஏற்காட்டுக்குப் போகவேண்டும். மேப் கிடையாது. ஒவ்வொரு முச்சந்தியிலும் இரண்டு எண்களைக் கூட்டுங்கள். ஒன்று, இதுவரை நடந்த தூரம். இரண்டு, இங்கிருந்து காக்கை பறந்தால் எவ்வளவு தூரம். கூட்டுத்தொகை எந்த முச்சந்திக்குக் குறைவோ, அங்கிருந்து மேலே தேடுங்கள். வழி முட்டினால், அடுத்த குறைந்த தொகைக்குத் திரும்புங்கள். அவ்வளவுதான் சூத்திரம். மலையில் காக்கைக் கணக்கு பொய் சொல்லும். எதிரே தெரிகிற ஊருக்கு 20 கொண்டை ஊசி வளைவு சுற்ற வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பொய் ஒரே திசையில்தான் இருக்கும். காக்கைத் தூரம் நிஜத் தூரத்தைவிட ஒருபோதும் அதிகமாகாது. அந்த ஒரு காரணத்தாலேயே கடைசியில் கிடைக்கும் வழி மிகக் குறுகியதாக இருக்கும் என்று நிரூபித்துவிட்டார்கள். உங்கள் பிள்ளையின் டேப்லெட்டில் ஜாம்பி வளைந்து வளைந்து வருவதும் இந்தக் கணக்கின் வாரிசுதான். எல்லா வழியையும் தேட நேரம் இல்லாததால் ஓர் எல்லையோடு தேடலை நிறுத்திவிடும். பக்கத்துச் சந்தில் வாசல் இருக்க, சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற ஜந்துவைப் பார்த்தால் திட்டாதீர்கள். பட்ஜெட் தீர்ந்துவிட்டது.

இப்போது கரடி.

மைன்கிராஃப்டில் கரடி உண்டு. ஆனால் பனிக்கரடி. 2016-ல் வந்தது. பிறகு பாண்டாவும் வந்தது. நம் காட்டுக் கறுப்புக் கரடி, கரையான் புற்றைத் தோண்டி உறிஞ்சுகிற, குட்டியை முதுகில் சுமந்து போகிற அந்தக் கரடி கிடையாது. காப்பிச் செடியும் கிடையாது. கரடியூருக்குப் போனால் முதலில் கண்ணில் படுவதே காப்பித் தோட்டமாக இருக்க, இது எப்படி இருக்கு? ஜனங்களையும் பாருங்கள். சமவெளி, பாலைவனம், பனி, சதுப்பு, காடு என்று இடத்துக்கு ஏற்ப உடுப்பு மாறும். ஆனால் சேர்வராயன் மலையில் உழுகிற ஒருவரும் அதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டின் கதை என்று எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் பெயர் இருக்கும். காப்பி கொண்டுவந்தவர், பழ மரங்கள் நட்டவர் என்று. சரிதான். ஆனால் அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த மலையில் மலையாளி மக்கள் இருக்கிறார்கள். கேரளத்து மலையாளி இல்லை. மலையை ஆள்கிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று அவர்களே சொல்லும் கதை உண்டு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே திரளும். அந்தக் கையேட்டில் அவர்கள் எப்படி வருகிறார்கள்? 'இங்கு பழங்குடியினர் வாழ்கின்றனர்' என்று ஒரு வரி. பெயர் இல்லை. டெஸ்டிஃபிகேட்! விளையாட்டில் ஊரைக் கட்டிவிட்டு ஆளை மறந்தது கொஞ்ச காலம்தான். நம் கையேடுகள் இரண்டு நூற்றாண்டாக அதையே செய்கின்றன.

அதனால்தான், பிள்ளை கேட்கிற 'ஆள் எங்கே, கரடி எங்கே' என்ற கேள்வியை விளையாட்டுக் கேள்வி என்று நான் தள்ளமாட்டேன். பதிலும் இருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து, டேப்லெட் பதிப்பிலேயே பிராணிகளின் நடத்தையை நாமே மாற்றலாம். 'ஆட்-ஆன்' என்பார்கள். உள்ளே திறந்து பார்த்தால் மாயம் எதுவும் இல்லை, சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பிராணிக்கும் செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். எண் சின்னதாக இருந்தால் அவசரம் அதிகம். உதாரணத்துக்கு, தண்ணீரில் விழுந்தால் மிதப்பது 0. அடிபட்டால் ஓடுவது 1. சும்மா உலாத்துவது 6. ஆளைத் திரும்பிப் பார்ப்பது 7. எந்தக் காரியத்துக்கும் அவசியம் இல்லாதபோது அடுத்த எண்ணுக்கு இறங்கும். அம்மாக்கள் அடுக்களையில் காலை ஏழு மணிக்குச் செய்வதும் இதேதான். பால் பொங்கினால் பேப்பரைக் கீழே வைக்கவேண்டும்.

பனிக்கரடியின் கோப்பை எடுங்கள். அதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல குணம் உண்டு. வம்புக்கு வராது. ஆனால் குட்டி பக்கத்தில் இருக்கும்போது நீங்கள் நெருங்கினால் பாயும். நம் கரடிக்கும் அது பொருந்துகிறது, அப்படியே இருக்கட்டும். வெள்ளைத் தோலுக்குப் பதில் கறுப்புத் தோல், மார்பில் வெளிறிய பிறை. அது ஒரு படக் கோப்பு, பிள்ளையே வரைந்துவிடும். உலாத்தும் எண்ணைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் ஓயாமல் அலையும். ஆளைப் பார்க்கும் வரியை எடுத்துவிட்டால் உங்களைச் சட்டையே செய்யாது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வரியை எடுத்ததும் அதே கரடி திமிர் பிடித்ததாகத் தெரிவது வேடிக்கை. ஊர் ஜனங்களுக்கும் இப்படியே அங்கியை மாற்றி, தலைப்பாகை கட்டி, ஆளுக்கு ஒரு பெயர் வைக்கலாம். பெயர்ப்பட்டை என்று ஒரு பொருளே அந்த விளையாட்டில் உண்டு.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை ஏமாந்துபோகும். டேப்லெட்டின் சக்தியை மிச்சம் பிடிக்க, உங்களைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட தூரம்வரைதான் உலகம் இயங்கும். குறைந்த அளவு அமைப்பில் அது 4 'சங்க்'. ஒரு சங்க் 16 பிளாக், ஆக 64 பிளாக். அதைத் தாண்டி நடந்துவிட்டால், கரடியூரில் கரடி தூக்கிய காலோடு நின்றுவிடும். மணியடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் உறைவார்கள். திரும்பி வந்து எல்லைக்குள் ஒரு அடி வைத்தால், எதுவுமே நடக்காத மாதிரி கரடி காலைக் கீழே வைத்து நடக்கும்.